புகை குடித்த நெஞ்சுக்கு மஞ்சள்பால் போதுமா?

ரப்பர் ஷீட் புகைபோடுகிற புரைக்குள் நுழைந்திருக்கிறீர்களா? குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ரப்பர் வைத்திருக்கும் வீடுகளில் தோட்டத்து மூலையில் ஒன்று இருக்கும். காலையில் வெட்டிச் சிரட்டையில் சேர்ந்த பாலை, ஆசிட் ஊற்றி உறையவைத்து, மெஷினில் கொடுத்து அடித்தால் வெள்ளைத்துணி மாதிரி ஷீட் வரும். அதைக் கழியில் போட்டு நான்கைந்து நாள் புகையில் தொங்கவிட்டால் தேன் நிறமாகிவிடும். புகைக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, ஈரத்தை இழுப்பது. மற்றது, விறகுப்புகையிலுள்ள பீனால் வகைப் பொருட்கள் ஷீட்டில் படிந்து பூஞ்சை பிடிக்காமல் காப்பது. பூஞ்சையும் ஓர் உயிர்தான். அதை முளைக்கவிடாத புகை, நம் நெஞ்சுக்குள் போனால் மட்டும் சாதுவாக இருந்துவிடாது.

மூன்று வருஷம் முன்னால் ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரி, என் மாமாவின் புகைப்புரையில் ஒரு ஷீட் கழன்று அடுப்பில் விழுந்தது. ரப்பர் பற்றினால் எண்ணெய் ஊற்றியதுபோல் எரியும், கட்டிகட்டியாகக் கரும்புகை வரும். மிச்சமிருந்த ஷீட்டைக் காப்பாற்ற மாமா இரண்டு தரம் உள்ளே ஓடினார். வெளியே வந்தபோது மூக்குத் துவாரம் இரண்டிலும் கரி. “சாரமில்ல மக்ளே, நெஞ்சு லேசா காந்துகு, அவ்வளவுதான்” என்றார். மாமி பாலைச் சூடாக்கி மஞ்சள்பொடியும் நல்லமிளகும் தட்டிப்போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு மாமாவால் படுக்க முடியவில்லை. குரல் கம்மிப்போய், கட்டிலில் கையூன்றி உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு வெளியே மூன்றாம் நாள் மாமி என்னிடம் கேட்டார்: “நீ மருந்து படிச்சவன்தானே. அந்த மஞ்சப்பால் கொடுத்ததுல கொஞ்சமாவது கொணம் உண்டுமா?”

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வி இல்லை அது. உலகத்தில் பல ஆய்வகங்களில் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் எலிகளிடமும் செம்மறியாடுகளிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புகையால் புண்பட்ட நுரையீரலைத் தாவரங்களிலிருந்து எடுத்த பொருட்களால் ஆற்ற முடியுமா? மாமிக்கு நான் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புகை என்ன செய்கிறது?

தீ என்றதும் நமக்குச் சூடுதான் நினைவில் வரும். ஆனால் மூடிய கட்டடங்களில் பிடிக்கும் தீயில் பலரைக் கொல்வது புகை. டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று இறந்த 59 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள்.

புகை மூன்று வழியில் தாக்கும். முதலாவது சூடு. மூக்கும் தொண்டையும் உள்ளே வரும் காற்றை வேகமாகக் குளிரவைத்துவிடும். அதனால் நீராவியைத் தவிர மற்றச் சூடு பெரும்பாலும் குரல்வளைக்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் அங்கேயே வெந்துபோன தசை மணிக்கணக்கில் மெல்ல வீங்கும். மாமாவின் குரல் கம்மியது அதன் அடையாளம். தீயிலிருந்து வந்தவரின் குரல் மாறினால் மூச்சுவழி அடைபட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். சுக்குக்காப்பி போட்டுக்கொண்டு காத்திருக்கிற நேரமில்லை அது.

இரண்டாவது விஷவாயு. இதில் பெரிய ஆள் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் துண்டு போட்டு வைத்துவிட்டால் ஆக்சிஜன் எங்கே உட்காரும்? சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், புகை குடித்தவரை ஏன் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது புரியும்.

இன்னொரு சிக்கல். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் பல வீட்டில் இன்னும் கிடக்கிறது. அது இரண்டு நிற ஒளியை விரல்வழி செலுத்திக் கணக்குப் பார்க்கிற கருவி. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார், அது 98 என்று காட்டும். அதை நம்பாதீர்கள்.

சயனைடும் புகையில் உண்டு. கம்பளி, பட்டு, நைலான், மெத்தையிலும் வண்டி சீட்டிலும் இருக்கிற ஃபோம் பஞ்சு, இவை எரிந்தால் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் உயிரணு அதைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். இதற்கு ஹைட்ராக்சோகோபாலமின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. அது பி12 வைட்டமினின் ஒரு வடிவம்.

மூன்றாவது தாக்குதல்தான் நம் கதைக்கு வேண்டியது: இரசாயனப் புண். மரமும் பருத்தியும் எரியும்போது அக்ரோலின் என்ற பொருள் உண்டாகும். வற்றல் பொரிக்கும்போது எண்ணெய் அதிகமாகக் காய்ந்து கண்ணைக் கரித்தால், அதிலும் அக்ரோலினுக்குப் பங்குண்டு. பி.வி.சி. பைப் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப்புகை வரும். இந்த எரிச்சலூட்டும் பொருட்களையும் அமிலங்களையும் கரித்துகள்கள் முதுகில் சுமந்துகொண்டு நுரையீரலின் ஆழத்துக்குக் கொண்டுபோய் இறக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்ரோலினும் பீனாலும் எங்கிருந்து வந்தன? மரத்திலிருந்து. எரித்ததால் வந்தவை என்றாலும் மூலம் செடிதான். இந்தப் பக்கத்து முந்திரி ஆலைகளில், அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்கிற இடங்களில், கொட்டையை வறுத்த காலத்துப் புகை கண்ணையும் தொண்டையையும் என்ன பாடு படுத்தியது என்று அங்கே வேலை பார்த்த பெண்களைக் கேளுங்கள். அந்தப் புகைக்குக் காரணமான கொட்டைத் தோட்டு எண்ணெய் முழுக்க முழுக்க இயற்கை. ‘மூலிகை, அதனால் ஒன்றும் செய்யாது’ என்று யாராவது சொன்னால் எனக்கு அண்டி ஆபீஸ்தான் ஞாபகம் வரும்.

ஒன்றே முக்கால் சென்ட் நிலம்

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட். ஒரு சின்ன வீடு கட்டலாம். அந்த நிலத்தின் சுவர் தலைமுடியின் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம், நடுவே இந்தச் சல்லாத்துணி.

புகை பட்டதும் முதலில் அடிபடுவது மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் இருக்கும் நுண்மயிர்கள். சளியை மேலே தள்ளித் தள்ளித் தூசியை வெளியேற்றுகிற துப்புரவு வேலை அவற்றுடையது. அவை முடங்கினால் கரியும் சளியும் உள்ளேயே தங்கும். அடுத்து, அங்கே காவலிருக்கும் உயிரணுக்கள் எச்சரிக்கை கொடுக்கும். ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும். அவை கிருமியைக் கொல்ல வைத்திருக்கிற ஆயுதம் வீரியமான ஆக்சிஜன் துணுக்குகள். புகையில் கொல்லக் கிருமி இல்லை. ஆயுதம் மட்டும் வெடிக்கும், சொந்தச் சுவரிலேயே.

நாஞ்சில் நாட்டு வயற்காரருக்கு இதை மடையை வைத்துச் சொல்லலாம். பயிர் வாடும்போது மடையைத் திறக்கத்தான் வேண்டும். திறந்தவர் மூடாமல் போய்விட்டால் விடிவதற்குள் வயல் குளமாகிவிடும். அழற்சி என்பது இந்த மடை. உயிரணுவுக்குள் அதைத் திறக்கிற ஆளின் பெயர் என்எஃப்-கப்பா-பி. பெயர் ஒரு மாதிரி இருந்தாலும் வேலை எளிது. அவர் உசுப்பப்பட்டால் உயிரணுவின் கருவுக்குள் போய், அழற்சியைக் கிளப்பும் புரதங்களையெல்லாம் தயாரிக்கச் சொல்வார். அதே உயிரணுவில் என்ஆர்எஃப்2 என்று இன்னொருவர் இருக்கிறார். அவர் விழித்துக்கொண்டால் நச்சை முறிக்கும் நொதிகள் உற்பத்தியாகும். குளூட்டாதையோன் என்ற, நச்சை முறிக்கும் நம் சொந்தச் சரக்கும் அவர் கையில்தான்.

மடை மூடாவிட்டால் சல்லாத்துணி ஓட்டையாகி ரத்தத்தின் நீர் காற்றுப்பைக்குள் கசியும். செத்த உயிரணு, சளி, உறைந்த புரதம் எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயின் கிளைகளில் அச்சு வார்த்ததுபோல் அடைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வெளியே வந்தவுடன் ‘சாரமில்ல’ என்று நடமாடுகிற ஆள் சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் கழித்துக்கூட, மூச்சுக்குத் தவிக்கிறார்.

இன்று ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? ஆக்சிஜன். தொண்டை வீங்கினால் குழாய். சால்பூட்டமால் போன்ற மருந்தை ஆவியாக்கிக் கொடுத்து மூச்சுக்குழாயை விரிப்பது. குழாய்க் கேமரா விட்டுக் கரியையும் அடைப்பையும் பார்ப்பது, கழுவி எடுப்பது. சில தீக்காய மையங்களில் ஹெப்பாரினையும் என்-அசிட்டைல்சிஸ்டைனையும் ஆவியாகக் கொடுக்கிறார்கள். முன்னது அடைப்பு உறையாமலிருக்க, பின்னது சளியை இளக்கவும் குளூட்டாதையோனைத் தேற்றவும். ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுப்பதில்லை. கவனித்தால் தெரியும், இவையெல்லாம் நுரையீரல் தானே ஆறும் வரை தாங்கிப்பிடிக்கிற வேலைகள். மடைக்காரரின் கையைப் பிடித்து, போதும் மூடு என்று சொல்கிற மருந்து இந்தப் பட்டியலில் இல்லை. தாவரப் பொருட்கள் மீது ஆய்வாளர்கள் கண் வைத்திருப்பது இந்தக் காலி இடத்துக்காக.

ஆடு தொடாத இலை

செடி ஓட முடியாது. பூச்சி கடித்தாலும் ஆடு மேய வந்தாலும் வெயில் வாட்டினாலும் நின்ற இடத்தில் நின்று சமாளிக்க வேண்டும். அதனால் கசப்பு, காரம், நிறம், நஞ்சு என்று விதவிதமாகப் பொருட்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஆடாதோடைக்கு ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆட்டை விரட்ட வைத்திருந்த பொருள், வேறோர் அளவில் வேறோர் உடம்பில் வேறு வேலை செய்யும். நாம் மருந்து என்று சொல்வது அதைத்தான்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படுகிறவர் மஞ்சளிலுள்ள குர்க்குமின். 1815-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். மஞ்சள்பொடியில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்கள் மீது விட்டால் என்எஃப்-கப்பா-பியை அடக்குகிறது, என்ஆர்எஃப்2-ஐ எழுப்புகிறது. சிகரெட் புகை காட்டிய எலிகளில் நுரையீரல் அழற்சியைக் குறைத்ததாகவும் முடிவுகள் உண்டு. நிலவேம்பின் கசப்பான ஆன்ட்ரோகிராஃபோலைடும் அப்படியே, எலிகளில், சிகரெட் புகைக்கு எதிராக, என்ஆர்எஃப்2 வழியாக. சின்ன உள்ளியில் (சின்ன வெங்காயம்) இருக்கிற குவர்செட்டின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் என்று வரிசை நீளும். எல்லாம் மடையைச் சுற்றியே நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது செம்மறியாட்டு ஆய்வு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற ஊரில், தீக்காயமும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் என்ன ஆகிறது என்று பல வருஷமாகப் பார்க்கிறார்கள். ஆட்டுக்கு மயக்கமருந்து கொடுத்து, எரிந்த பருத்தியின் புகையை, சூடு ஆறியபின், எண்ணி 48 மூச்சு கொடுப்பார்கள். ஆட்டின் நுரையீரல் அளவில் நம்முடையதை ஒத்தது, அதனால் எலியைவிட நம்பத்தக்கது. அங்கே காமா டோக்கோபெரால் என்ற வைட்டமின் ஈ வகையை நுண்துளி ஆவியாக்கி நேரே நுரையீரலுக்குள் செலுத்தியபோது பாதிப்பு குறைந்தது. காமா டோக்கோபெரால் தாவர எண்ணெய்களில் இருப்பது. நல்லெண்ணெயின் வைட்டமின் ஈயில் பெரும்பங்கு அதுதான்.

உடனே நல்லெண்ணெயை மூக்கில் விடக் கிளம்பிவிடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது கரையாது, அங்கேயே தங்கித் தனியாக ஒரு நிமோனியாவைக் கொண்டுவரும். ஆய்வகத்தில் செய்தது ஒரு மூலக்கூறைப் பிரித்து, அளந்து, நுண்துளியாக்கி, கண்காணித்துக் கொடுத்தது. அதற்கும் எண்ணெய்ச் செம்புக்கும் சம்பந்தமில்லை.

இருபதால் பெருக்கினால்?

மாமியின் மஞ்சள்பாலுக்கு வருவோம். அவர் போட்டது அரை ஸ்பூன் மஞ்சள் என்று வையுங்கள், ஒன்றரை கிராம். அதில் குர்க்குமின் 45 மில்லிகிராம் இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போக வேண்டுமானால் குடலைக் கடக்க வேண்டும், கல்லீரலைக் கடக்க வேண்டும். இரண்டுமே குர்க்குமினைக் கண்ட இடத்தில் வேறு பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும்.

பெங்களூரில் செய்து 1998-ல் வெளியான ஒரு ஆய்வு இதில் பிரபலம். மனிதர்களுக்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு, அல்லது மிகமிகக் குறைவு. கூடவே நல்லமிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்துக்குக் கிடைப்பது சுமார் 20 மடங்கானது. பாட்டிமார்கள் மஞ்சளோடு மிளகைச் சேர்த்தது சும்மா இல்லை என்று இந்த ஆய்வைக் காட்டி எல்லாரும் சிலாகிக்கிறார்கள். நானும் சிலாகித்திருக்கிறேன். ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லாததை இருபதால் பெருக்கினால் எவ்வளவு வரும்? அந்த 2 கிராம் குர்க்குமின் கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள்பொடி வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஒரு டம்ளர் பாலில் அதைக் கலக்கினால் அது பாலாக இருக்காது, சாந்தாக இருக்கும்.

பைப்பரின் குர்க்குமினுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின், இதயத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மஞ்சளும் பைப்பரினும் சேர்த்து அடைத்து விற்கிற மாத்திரைகள் வேறு விஷயம். அவற்றால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

குர்க்குமினுக்கு இன்னொரு குணம். கண்ணாடித் தட்டில் எதனுடன் சேர்த்தாலும் ஏதாவது ஒரு விளைவைக் காட்டிவிடும். அதன் நிறமும் ஒளிர்வும் வினைபுரியும் தன்மையும் சோதனையையே ஏமாற்றக்கூடியவை. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எழுதி, தட்டில் கிடைத்த முடிவுகளை அப்படியே நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார்கள். எனக்கு மஞ்சள் மேல் பாசம் உண்டு. இருந்தாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

தாவரப் பொருளைப் பற்றிய செய்தி எதையாவது படித்தால் நான் முதலில் தேடுவது ஒரே விவரம்: மருந்தை எப்போது கொடுத்தார்கள்? நிறைய எலி ஆய்வுகளில் புகை காட்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள், சிலவற்றில் பல நாள் முன்பிருந்தே. எலிக்கு நாளைக்குப் புகை என்பது ஆய்வாளருக்குத் தெரியும். என் மாமாவுக்கு அன்றிரவு ஷீட் விழும் என்று யாருக்குத் தெரியும்? வந்தபின் ஆற்றுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது. அடுத்ததாகப் பார்ப்பது, எந்தப் புகை என்று. மாதக்கணக்கில் கொடுத்த சிகரெட் புகையும் பத்து நிமிஷத்துத் தீப்புகையும் ஒன்றல்ல. முன்னது துரு, பின்னது வெட்டு.

இதே கண்ணோடு கருப்பட்டியையும் பார்க்கலாம். தூசியில், புகையில் வேலை செய்கிறவர்கள் வெல்லமோ கருப்பட்டியோ சாப்பிட்டால் நெஞ்சு சுத்தமாகும் என்பது பழைய நம்பிக்கை. லக்னோவிலிருந்து 1994-ல் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. எலிகளின் நுரையீரலுக்குள் நிலக்கரித் தூசியையும் மணல்தூசியையும் செலுத்தி, வெல்லம் கொடுத்துப் பார்த்ததில், தூசி நுரையீரலை விட்டு நகர்வது கூடியது. சுவாரசியமான முடிவு. ஆனால் அது எலி, அது தூசி, 90 நாள் கணக்கு, கரும்பு வெல்லம். வேம்பனூர்ப் பனைக் கருப்பட்டியை எனக்குப் பிடிக்கும். ஆனால் தீயிலிருந்து வந்தவருக்கு அதனால் என்ன ஆகும் என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது.

இலை மருந்தான கதை

இவ்வளவு சொல்லிவிட்டதால் நான் மூலிகைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பொற்றையடியில் மருந்துவாழ்மலையைப் பார்த்து வளர்ந்த ஊரில் அப்படி இருக்கவும் முடியாது. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு அது என்று நம்புகிற ஜனங்கள் நாம். இலை நுரையீரல் மருந்தாக மாறிய உதாரணங்கள் இருக்கின்றன, வேலியோரத்திலேயே.

ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. இருமலுக்கு நம் ஆட்கள் கஷாயம் வைத்துக் குடித்த இலை. பாடாத நாவும் பாடும் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். வேதியியலாளர்கள் வாசிசினின் அமைப்பைப் பார்த்து, அதைத் தழுவி, வெட்டி ஒட்டி ப்ரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள். ப்ரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறுகிற வடிவம் அம்ப்ராக்சால். உங்கள் வீட்டு இருமல் மருந்துக் குப்பியை எடுத்து லேபிளைப் பாருங்கள், இரண்டில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்புண்டு. கெட்டிச்சளியை இளக்குவது அவற்றின் வேலை. வேலியிலிருந்து கடைக்கு வந்த வழியில் இலை போய்விட்டது, மூலக்கூறும் மாறிவிட்டது. அளவும் பக்கவிளைவும் தெரிந்த ஒன்று கையில் கிடைத்தது.

ஊமத்தையின் கதை இன்னும் வினோதம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கிற பழக்கத்தை மதராசிலிருந்து வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுக்கு மருந்து புகையாகவே போன காலம்! ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும், அளவு தப்பினால் பித்துப் பிடிக்கவைத்துக் கொல்லும். அந்த அட்ரோபினை மாற்றியமைத்து, ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி செய்ததுதான் இன்று நெபுலைசரில் போடுகிற இப்ராட்ரோப்பியம்.

இரண்டிலும் ஒரு பொதுவான நடை தெரிகிறது. முதலில் பழக்கம் ஒரு திசையைக் காட்டியது. பிறகு பொருளைப் பிரித்தார்கள், குறையைக் கண்டார்கள், திருத்தினார்கள், போக வேண்டிய இடத்துக்கு நேரே அனுப்பினார்கள். குர்க்குமினும் ஆன்ட்ரோகிராஃபோலைடும் இப்போது இந்தப் பாதையில் பாதியில் நிற்கின்றன. குடலைச் சுற்றிப் போவதற்குப் பதிலாக, நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து மூச்சோடு உள்ளே அனுப்ப முடியுமா என்று முயல்கிறார்கள். ஒன்றே முக்கால் சென்டில் நேரே தெளித்துவிடலாம் அல்லவா? எனக்கு நம்பிக்கை இருப்பது இந்த வழியில். ஆனால் தீப்புகையில் சிக்கிய மனிதர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று சொல்லத்தக்க மருந்து இன்றைக்குக் கடையில் இல்லை.

வீட்டில் செய்யக்கூடாதவை மூன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள், நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே வெந்து வீங்கிய தொண்டைக்கு அது மேலும் சூடு. சாம்பிராணி, மூலிகைப் புகை எதுவும் அந்த அறையிலேயே வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் பாலோ கஷாயமோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். அது இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும்.

மாமியிடம் நான் சொன்ன பதில் இதுதான்: “மஞ்சப்பால் கெடுதல் ஒண்ணும் செய்யல மாமி. கொணமும் செஞ்சிருக்காது. பாலு குடிச்சதுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்ததுக்கும் நடுவுல அஞ்சு மணி நேரம் போச்சுல்லா, அதுதான் கெடுத்தது.” மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் இருந்தது. ஆனால் அடுத்த முறை யார் வீட்டிலோ ஷீட் விழும்.

மூடிய இடத்தில் புகையில் சிக்கியவர், மூக்கில் கரி உள்ளவர், குரல் மாறியவர், கரிச்சளி துப்புபவர், தலைவலியோ குழப்பமோ உள்ளவர், இவர்களில் யாராக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். நடக்கிறார், பேசுகிறார் என்று விட்டுவிடக்கூடாது. போகும்போது மூன்று தகவல் கையில் இருந்தால் டாக்டருக்கு உதவும்: எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், வழக்கமாக என்ன மருந்து எடுக்கிறார் (கஷாயமும் லேகியமும் சேர்த்துத்தான்), என்னென்ன எரிந்தது.

கடைசித் தகவலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாமி மறக்கவில்லை. அன்று விடியற்காலை டூட்டி டாக்டர் “என்ன எரிஞ்சது?” என்று கேட்டதும், சந்தைக்குச் சாமான் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷீட்டு, விறகு, ரெண்டு பிளாஸ்டிக் வாளி, கொஞ்சம் சாக்கு, சுவரோரம் சாத்திவைத்திருந்த பழைய பைக்கு சீட்டு.

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது.

“பஞ்சு வச்ச சீட்டா?”

“ஆமா சார், பஞ்சு சீட்டு.”

அவர் திரும்பி, ரத்தம் எடுக்க நர்சைக் கூப்பிட்டார்.